ஆறாத புண்: அழகர்மலை அடிவாரத்து மந்தி ஒன்றின் கதை

நிகழ்வு

வளர்ந்த பெண் நாட்டுக்குரங்கு. இடது தொடையின் வெளிப்பக்கத்தில் கடிபட்ட புண், ஓரங்கள் கிழிந்து, நடுவில் சதை தெரியும் அளவுக்கு ஆழம். அதே வாரத்தில், அதே இடத்தில், இன்னொரு மந்திக்கும் முன்கையில் கடி விழுந்தது. ஆழமும் ஏறக்குறைய அதேதான். முன்கையில் கடி வாங்கியதற்குச் சில வாரங்களில் தழும்பு மட்டும் மிஞ்சியது. தொடையில் கடி வாங்கியதற்கு ஆடி போய், ஆவணி போய், மழை தொடங்கும்வரை புண் ஆறவில்லை. மேல்தோல் மூடுவதுபோல் வரும், பிறகு திறந்துகொள்ளும். இரண்டும் ஒரே மலையடிவாரத்தில், ஒரே தண்ணீரைக் குடித்து, கிட்டத்தட்ட ஒரே தீனியைத் தின்ற குரங்குகள். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

நான் கால்நடை மருத்துவர். ஆடும் மாடும்தான் என் அன்றாடம். ஆனால் மேலூர், அழகர்கோவில் பக்கம் வேலை பார்க்கும் யாரும் குரங்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. மதுரைக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கள்ளழகர் கோயில், மலைப்பாதையில் பழமுதிர்சோலை, அதற்கும் மேலே ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும். பாதை நெடுக நாட்டுக்குரங்குக் கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு. எந்தப் புளியமரம் யாருடையது என்பது நமக்குத் தெரியாவிட்டாலும் அவற்றுக்குத் தெரியும்.

இந்த மந்தி அந்த எல்லைக்குள் பிறந்தது அல்ல. நகரத்தின் ஓரத்துக் குடியிருப்பு ஒன்றில் கூண்டு வைத்துப் பிடித்து, இன்னும் சிலவற்றோடு வண்டியில் ஏற்றிவந்து இங்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். அடிவாரத்தில் தேங்காய், பழம் விற்கும் அக்கா ஒருவர் முதலில் சொன்னது இது: “ராவோட ராவா வேன்ல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க டாக்டரு தம்பி. விடிஞ்சு பாத்தா, திக்குத் தெரியாம என் கடைக் கூரை மேல உக்காந்திருக்கு.” அவர் சொன்னதைக் குரங்குகளே உறுதி செய்தன. கூண்டுக் கம்பியில் மோதிய சிராய்ப்பு நெற்றியில் இருந்தது. தண்ணீர்க் குழாயைத் திருகித் திறந்து குடிக்கத் தெரிந்திருந்தது. உள்ளூர்க் குரங்குகள் கசிவில் வாய் வைத்துக் குடிக்குமே தவிர, குழாயைத் திருகி நான் பார்த்ததில்லை.

பெண்ணைப் பெயர்த்துக் கொண்டுவந்தால்

நாட்டுக்குரங்குச் சமூகத்தில் ஊர் மாறுவது ஆண். கடுவன் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போகலாம், போராடி இடம் பிடிக்கலாம். பெண் அப்படி இல்லை. பிறந்த கூட்டத்திலேயே வளர்ந்து, குட்டி போட்டு, அங்கேயே சாகும். தாயின் படிநிலைக்குக் கீழே மகளின் படிநிலை. சண்டை என்றால் அம்மா, அக்கா, சித்தி எல்லாரும் ஓடிவருவார்கள். ஒரு மந்தியின் பலம் அதன் பல்லில் இருப்பதைவிட அதன் பெண்வழிச் சொந்தத்தில் இருக்கிறது. அந்தச் சொந்தத்திலிருந்து பிய்த்து, இன்னொரு கூட்டத்தின் மரத்தடியில் இறக்கிவிட்டால், அதற்குக் கடைசிப் படிகூடக் கிடையாது. படிக்கட்டுக்கே வெளியே நிற்கிறது.

கவனித்தவற்றில் மூன்று விஷயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, தின்னும் நேரம். யாராவது பொரி வீசினால் இது ஓடிவராது. மற்றவை கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டு நகர்ந்த பிறகு வந்து, மண்ணோடு சேர்ந்து கிடப்பதைப் பொறுக்கும். பொறுக்கும்போதும் ஒவ்வொரு பொரிக்கும் ஒருமுறை தலை நிமிரும். இரண்டாவது, பேன் பார்ப்பது. உச்சி வெயிலில் கூட்டம் முழுக்க நிழலில் ஒன்றையொன்று பேன் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது இது தன் முன்கை முடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கும்; அந்த இடம் வழுக்கையாகியிருந்தது. மூன்றாவது, பல் காட்டுவது. உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். நாட்டுக்குரங்கும் சேர்ந்த மக்காக் குரங்கு வகையில் அது பயம், பணிவு. ‘என்னை விட்டுவிடு’ என்பது அதன் பொருள். இந்த மந்தி பக்கத்தில் யாரும் இல்லாதபோதுகூட, தூரத்தில் ஒரு கிளை அசைந்தாலே பல்லைக் காட்டும்.

வேறு காரணம் இருக்குமா

ஆறாத புண் என்றதும் மன அழுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புழு வைத்திருக்கலாம், பார்த்தவரை இல்லை. சொறி இல்லை; முடி போன இடம் சொறி பிடித்த தோல் மாதிரி தடித்திருக்கவில்லை. காசநோய்க்கான இருமலோ உருக்குலைவோ தெரியவில்லை. சர்க்கரை நோயை ரத்தம் எடுக்காமல் தள்ள முடியாது. பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்னும் குரங்குக்குப் புரதமும் துத்தநாகமும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், புண் ஆற இரண்டும் வேண்டும். ஆனால் முன்கையில் கடிபட்ட மந்தியும் அதே பிஸ்கட்டைத்தான் தின்றது. கடைசியில் எஞ்சிய பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: அதற்குச் சொந்தம் இருந்தது, இதற்கு இல்லை.

அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் அளவை எடுத்தீர்களா என்று கேட்பார்கள். எடுக்கவில்லை. மயக்க ஊசி போட்டுப் பிடித்தால், பிடிக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே கார்ட்டிசால் ஏறிவிடும். அந்த எண் அதன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லாது, ஊசியைப் பற்றித்தான் சொல்லும். காட்டு விலங்குகளில் எச்சத்தைச் சேகரித்து அதில் ஹார்மோன் சிதைவுப் பொருளை அளப்பதே நல்ல வழி. ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அழிவுநிலை உயிரினங்களுக்கான ஆய்வகத்தில் இந்த முறையைப் பல ஆண்டுகளாகக் கையாள்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரே குரங்கிடம் பல வாரங்கள் மாதிரி எடுத்து, பழையதோடு ஒப்பிட வேண்டும். கூண்டில் விழுவதற்கு முந்தைய மாதிரி இந்த மந்திக்குக் கிடையாது. ஆகவே இந்த ஆய்வு நடத்தையையும் புண்ணையும் மட்டுமே வைத்துப் பேசுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

பயம் தட்டியதும் உடலில் இரண்டு காரியம் நடக்கிறது. நொடிக்கணக்கில் நடப்பது அட்ரினலின் வேலை: நெஞ்சு படபடக்கும், ரத்தம் தசைக்குப் பாயும். நிமிடக்கணக்கில் நடப்பது இன்னொன்று. மூளையின் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது, அது பிட்யூட்டரியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை எட்டியதும் கார்ட்டிசால் சுரக்கிறது. கார்ட்டிசால் சர்க்கரையைத் திரட்டித் தருகிறது. வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்ற ஆற அமரச் செய்யும் வேலைகளைத் தள்ளிவைக்கிறது. ஆபத்து விலகியதும் அதே கார்ட்டிசால் மூளைக்குப் போய், சுரப்பை நிறுத்தவும் வைக்கிறது. கார்ட்டிசாலைக் கெட்ட ஹார்மோன் என்று எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது அறவே சுரக்காத உடல் உயிர் தாங்காது.

சிக்கல் அது நிற்காதபோதுதான். சற்று நேர பயத்தில் வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து தோல் போன்ற, காயம் படக்கூடிய இடங்களுக்கு நகர்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்கு வெளி மாவட்டப் போலீஸை மதுரைக்கு வரவழைப்பது போன்றது இது. சில நாள் என்றால் நல்ல ஏற்பாடு, வருஷம் முழுக்க என்றால் மற்ற ஊர்க் காவல் நிலையங்கள் காலியாகத்தான் கிடக்கும். நாள்பட்ட அழுத்தத்தில் இரண்டு விதமான கேடு சேர்ந்து வருகிறது. ஒன்று, புண் ஆற முதலில் தேவைப்படும் அழற்சியைக் கார்ட்டிசால் அடக்கிவிடுகிறது. அழுகலைத் தின்று துப்புரவு செய்யும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் தாமதமாக வருகின்றன. இன்னொன்று, எப்போதும் கார்ட்டிசாலில் ஊறிக் கிடக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் காலப்போக்கில் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகின்றன. அப்போது அடங்க வேண்டிய அழற்சியும் அடங்காது. மூடுவதுபோல் வந்து திறந்துகொள்ளும் புண்ணுக்கு இந்த இரண்டும் பொருந்துகின்றன.

மனிதர்களிலும் இதுதான். 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட அவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது.

மேலே இருப்பவனுக்கும் சுகமில்லை

கீழ்ப்படியில் இருந்தால் கார்ட்டிசால் அதிகம், மேல்படியில் இருந்தால் குறைவு என்று இதைச் சுருக்கிவிடலாம் போலத் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சபோல்ஸ்கி 1978 முதல் கென்யாவில் பபூன் என்ற பெரிய குரங்குகளின் கூட்டங்களைப் பின்தொடர்ந்து கண்டதும் முதல் பார்வைக்கு அதுதான். ஆனால் படிநிலை அசையாமல் இருக்கும் காலத்தில் மட்டுமே அப்படி. யார் பெரியவன் என்று தீராத சண்டை நடக்கும் காலத்தில் உச்சியில் இருப்பவற்றின் ஹார்மோன்தான் எகிறுகிறது. அதே கென்யாவின் அம்போசெலியில் 125 ஆண் பபூன்களின் எச்சத்தை அளந்து 2011-ல் வெளியிட்டதில், முதலிடத்துக் கடுவனுக்கு இரண்டாம் இடத்துக் கடுவனைவிட அழுத்த ஹார்மோன் கணிசமாக அதிகம். இரண்டாம் இடம்தான் நிம்மதியான இடம் போல.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த ஆண்டு வந்த கட்டுரை. அதே அம்போசெலி பபூன்களின் 27 ஆண்டுப் பதிவுகளில் காயங்களையும் நோய்களையும் எடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் அதிகம் உள்ள அந்த முதலிடத்துக் கடுவனுக்குத்தான் காயம் மற்ற எல்லோரையும்விடச் சீக்கிரம் ஆறியது. கார்ட்டிசால் ஏறினால் புண் ஆறாது என்ற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே உடைகிறது. அப்படியானால் கேடு செய்வது ஹார்மோனின் அளவு மட்டும் அல்ல. அது எதனால் ஏறுகிறது, ஏறியபின் இறங்க இடம் இருக்கிறதா, தின்ன கிடைக்கிறதா, யாராவது பக்கத்தில் உட்காருகிறார்களா, எல்லாம் சேர்ந்துதான் புண்ணின் விதியைத் தீர்மானிக்கின்றன. வெவ்வேறு குரங்கு இனங்களை ஒப்பிட்டு 2003-ல் வெளியான அலசலும் இதையொட்டியே சொல்கிறது: அடிக்கடி சீண்டப்பட்டு, ஆதரவுக்குச் சொந்தமும் இல்லாத இடத்தில்தான் கீழ்ப்படிக் குரங்கின் கார்ட்டிசால் உயர்ந்து நிற்கிறது. நம் மந்தியின் நிலைமை அப்படியே இது.

படிநிலையே காரணமா, அல்லது நலிந்த உடல் உள்ளதுதான் கீழ்ப்படிக்குப் போகிறதா என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்த்த சோதனை 2016-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத 45 பெண் செம்முகக் குரங்குகளை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கூட்டத்தில் விட்டார்கள். முதலில் போனது மேல்படி, கடைசியில் போனது கீழ்ப்படி. கீழ்ப்படியில் இருந்தவற்றின் வெள்ளையணுக்கள், பாக்டீரியாவின் உறைப்பொருளைக் காட்டியதும் அழற்சி மரபணுக்களைக் கூடுதலாக முடுக்கின. மேல்படியில் இருந்தவற்றில் வைரஸை எதிர்க்கும் வழி ஓங்கியிருந்தது. பிறகு கூட்டங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார்கள். படி மாறியதும் மரபணுக்களின் நடத்தையும் மாறியது. கீழே இருந்த உடல் நிரந்தரமாகக் கெட்டுப்போவதில்லை என்பது இதன் பொருள். இந்த மந்தியை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு கொடுத்தது அந்த முடிவுதான்.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1997-ல் நீள்வால் மக்காக்குகளுக்கு அடினோவைரஸ் கொடுத்துப் பார்த்தபோது, கூட்டத்தை அடிக்கடி கலைப்பது தொற்றைக் கூட்டவில்லை. தாழ்ந்த படிநிலை மட்டுமே கூட்டியது. மறு ஆண்டு, எய்ட்ஸ் வைரஸின் குரங்கு வகையை ஏற்றிய செம்முகக் குரங்குகளில், துணை மாறிக்கொண்டே இருந்தவை சீக்கிரம் செத்தன.

சனி, ஞாயிறு தீனி

அழகர்கோவில் குரங்குகளின் தீனிக்கு ஒரு தாளம் உண்டு. சனி, ஞாயிறு, அமாவாசை, ஆடிப் பௌர்ணமித் தேர் என்றால் தேங்காய்ச் சில்லும் பழமும் பொரியும் குவியும். மற்ற நாளில் ஆள் நடமாட்டம் குறைந்து, மறுபடி நாவல், ஆல், அத்தி என்று தேடிப் போக வேண்டும். மொத்தத்தில் பட்டினி இல்லை. எப்போது கிடைக்கும் என்பதுதான் நிச்சயமில்லை.

இந்த நிச்சயமின்மையை நாட்டுக்குரங்குகளிலேயே சோதித்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நியூயார்க்கின் புரூக்ளினில் லியோனார்ட் ரோசன்ப்ளம் குழுவினர், குட்டி வைத்திருந்த தாய்களை மூன்று விதமாக வைத்தார்கள். சிலவற்றுக்கு இரை எப்போதும் சுலபம். சிலவற்றுக்கு எப்போதும் தேடி எடுக்க வேண்டும். சிலவற்றுக்கு இரண்டு வாரம் சுலபம், இரண்டு வாரம் கஷ்டம் என மாறி மாறி. யாருக்கும் இரை குறையவில்லை. அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு மூளைத் தண்டுவட நீரை அளந்து 1996-ல் வெளியிட்டார்கள். மாறி மாறி வாழ்ந்த தாய்களின் குட்டிகளுக்கே சி.ஆர்.எச். அதிகம், எப்போதும் கஷ்டப்பட்ட தாய்களின் குட்டிகளுக்கு அப்படி இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: அதே குட்டிகளுக்குக் கார்ட்டிசால் குறைவாக இருந்தது. அழுத்தம் என்றால் கார்ட்டிசால் ஏறியே இருக்கும் என்று எண்ணுபவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

குட்டியை மார்பில் ஒட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வெறும் சாலையையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கும் தாய்கள் நம் மலையடிவாரத்தில் இருக்கின்றன. புரூக்ளினில் கூண்டுக்குள் திட்டமிட்டுச் செய்ததை இங்கே பக்தியோடு செய்துகொண்டிருக்கிறோம்.

மருந்தும் துணையும்

வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, மாத்திரை பொதிந்த வாழைப்பழம் வைத்துப் பார்த்தோம். மந்தி கையை நீட்டுவதற்குள் உள்ளூர் மந்தி ஒன்று வந்து தோலோடு எடுத்துப்போய்விட்டது. தள்ளி வைத்தாலும் அதே கதை. நோயாளியின் படிநிலையே மருந்தைத் தடுத்தது. தேங்காய்க்கடை அக்கா ஒரு வழி சொன்னார்: “இங்கிட்டு நீங்க பழத்தைக் காட்டி எல்லாத்தையும் இழுங்க. அங்கிட்டு நான் அதுக்குக் குடுத்துர்றேன்.” சில முறை பலித்தது, பல முறை பலிக்கவில்லை. குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நானே பழம் காட்ட வேண்டியிருந்தது. மருந்துக்கு வேறு வழி இல்லை.

நிலைமை மாறத் தொடங்கியது வேறு இடத்தில். அதே வண்டியில் வந்த இளங்கடுவன் ஒன்று, முதலில் தனியாகத் திரிந்தது, மெல்ல மந்தியின் பக்கத்தில் உட்காரத் தொடங்கியது. ஒரு மதியம் அது மந்தியின் முதுகைப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. மந்தி கண்ணை அரைவாசி மூடி, கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தது. அதுவரை அது கண் மூடி நான் பார்த்ததில்லை. அதன் பிறகு இரண்டும் சேர்ந்தே இரை எடுத்தன. ஒன்று பொறுக்கும்போது மற்றது தலை நிமிர்ந்து பார்க்கும். அதனால் ஒவ்வொரு பொரிக்கும் பயப்பட வேண்டியதில்லை.

நாட்டுக்குரங்குகள் இதற்குப் பேர்போனவை. கடுவன்களே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கும் இனம் இது. தாயைப் பிரித்த குட்டிகளைப் பற்றிய பழைய ஆய்வுகளிலும், நாட்டுக்குரங்குக் குட்டியை மற்ற மந்திகள் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் மற்ற இனக் குட்டிகள் அளவுக்கு அது சோர்ந்து விழாது. 1997-ல் வந்த ஆய்வில், தாயைப் பிரிந்தபோது விளையாட்டுத் தோழன் உடன் இருந்த குட்டிகளுக்கு வாட்டம் குறைவு, நோய் எதிர்ப்பு அணுக்களின் செயல்பாடும் தாக்குப்பிடித்தது. தோழன் இல்லாதவற்றில் அது சரிந்தது.

புரட்டாசி மழைக்குப் பிறகு புண் மூடியது, மறுபடி திறக்கவில்லை. முன்கையில் முடி முளைத்தது. துணையால்தான் ஆறியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மழையில் காட்டில் தளிரும் பூச்சியும் பெருகின, பூச்சியில் புரதம் கிடைத்திருக்கும். வயிற்றுக்குப் போன சில மாத்திரைகளும் வேலை செய்திருக்கலாம். ஆனால் மூன்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் நான் துணையை எடுத்துக்கொள்வேன். பல் காட்டுவது நின்றது மழைக்கு முன்பே, மாத்திரை சரியாகப் போய்ச் சேராத நாட்களிலேயே.

பரிந்துரை

குரங்குத் தொல்லை பொய்யல்ல. ஓடு உடைகிறது, தென்னங்குரும்பை உதிர்கிறது, குழந்தையைக் கடித்தால் வெறிநாய்க்கடி ஊசிக்கு அலைய வேண்டியிருக்கிறது. அந்தக் குடியிருப்பு மக்கள் புகார் கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் கூட்டத்தில் கையில் சிக்கிய நான்கைந்தைப் பிடித்து மலையடிவாரத்தில் கொட்டுவது எந்தக் கணக்கிலும் தீர்வாகாது. விடப்பட்டவை புண்ணோடு சாகின்றன அல்லது அடுத்த ஊருக்கு இறங்குகின்றன. உள்ளூர்க் கூட்டத்தின் படிநிலையும் கலைந்து அங்கேயும் சண்டை கூடுகிறது. கூட வரும் நோய் புதிய கூட்டத்துக்கும் தொற்றுகிறது. உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்ட இனம் இது, தென்னிந்தியாவை விட்டால் வேறு எங்கும் கிடையாது.

இந்த நிகழ்வைப் பார்த்தபின் பகுதி வனத்துறை அலுவலர்களுக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவு: பிடித்தே ஆக வேண்டும் என்றால் கூட்டத்தை முழுதாகப் பிடிக்க வேண்டும், தாய்வழிச் சொந்தத்தைப் பிரிக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு கூட்டம் ஆளும் இடத்தில் விடக் கூடாது. விடும் முன் காசநோய்ச் சோதனை வேண்டும். பிடிப்பதற்கு முன்பே அந்தக் குடியிருப்பில் குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, தண்ணீர்த் தொட்டியை அடைத்து ஒரு பருவம் பார்க்க வேண்டும். பல இடங்களில் கூண்டே தேவைப்படாது. அடிவாரத்தில் தீனி போடுவதை ஒரே நாளில் நிறுத்தாமல், காட்டில் பழம் கிடைக்கும் மாதங்களில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைக்காரர்களின் பிழைப்பும் இதில் இருக்கிறது, அவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் தட்டி எழுதி வைப்பதில் பயனில்லை.

மந்தியும் இளங்கடுவனும் இப்போது கூட்டத்தின் ஓரத்தில், கடைகளுக்குப் பின்னால் உள்ள புளியமரத்தில் தங்குகின்றன. உள்ளூர் மந்திகளில் ஒன்று, அதுவும் வயதானது, இதைப் பேன் பார்க்க விட்டிருக்கிறது. அடுத்து எச்ச மாதிரி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைத்தால் இந்த இரண்டிடமிருந்தும் அந்த வயதான மந்தியிடமிருந்தும் வாரந்தோறும் எடுக்கத் திட்டம்.